வங்கி முறிவும் கடன் விடுதலையும்: 1938-ஆம் ஆண்டு எழுப்பும் வினாக்கள்

1938-ஆம் ஆண்டில் மூன்று திங்கள் இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை இக்கட்டுரையில் ஒருங்கே வைத்து நோக்க விரும்புகின்றோம். அவ்வாண்டு மார்ச் 22-ஆம் நாள், சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 21-ஆம் நாள், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திக் கதவடைத்தது. முன்னது கடன்பட்டோருக்குக் கிடைத்த விடுதலை. பின்னது பணம் போட்டிருந்தோருக்கு நேர்ந்த இழப்பு. வரலாற்றாசிரியர்கள் முன்னதை உழவர் வரலாற்றிலும், பின்னதைத் திருவிதாங்கூர் அரசியல் வரலாற்றிலும் தனித்தனியே வைத்துப் பேசுவர். கிறிஸ்தவரிடையே இரண்டாவது நிகழ்ச்சி நினைவுகூரப்படும்போது, அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின்மீது அரசு நிகழ்த்திய துன்புறுத்தலின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இரு நிகழ்ச்சிகளும் ஒரே பேரேட்டின் வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும் போன்றவை என்பது நம் கருத்து. ஓர் ஆயர் உபாகமம் 15-ஆம் அதிகாரத்தைக் கையிலெடுத்துக் கடன் விடுதலையைப் பிரசங்கிக்கும்போது, அவருக்கு முன்னே அமர்ந்திருக்கும் சபையில் கடன்பட்டவரும் இருக்கிறார். தம் சிறு சேமிப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு அதை நம்பி வாழும் விதவையும் இருக்கிறார். இவ்விருவருக்கும் ஒரே நற்செய்தியை எவ்வாறு அறிவிப்பது?

சேலம் சமவெளியில் விலை வீழ்ச்சி

சட்டத்தின் பின்னணியை அறிய, அதனை இயற்றிய அமைச்சரவையின் தலைவர் இராஜகோபாலாச்சாரியார் வழக்கறிஞராகத் தொழில் புரிந்த சேலம் மாவட்டத்தை நோக்குவது பொருந்தும். அந்நாளில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டங்கள் யாவும் சேலம் மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். இச்சமவெளி பெரும்பாலும் மானாவாரி நிலம். சோளமும் கம்பும் கேழ்வரகும் உண்பதற்கு. நிலக்கடலையும் பருத்தியும் விற்பதற்கு. 1934-இல் மேட்டூர் அணை இம்மாவட்டத்திலேயே கட்டி முடிக்கப்பட்டதாயினும், அதன் நீர் தஞ்சைக் கழனிகளை நோக்கியே சென்றது. சேலத்து உழவன் கிணற்றை நம்பினான். கிணறு வெட்டவும், ஆழப்படுத்தவும், கவலை இறைக்க மாடு வாங்கவும் கடன் வேண்டும். கிஸ்தி கட்டவும் கடன். மகள் திருமணத்திற்கும் கடன். புரோநோட்டு எழுதாத குடும்பம் அரிது.

1929-இன் இறுதியில் உலகச் சந்தையில் தொடங்கிய வீழ்ச்சி சில மாதங்களிலேயே இக்கிராமங்களை எட்டிற்று. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. ஏற்றுமதியை நம்பியிருந்த நிலக்கடலையும் பருத்தியும் கடுமையாக வீழ்ந்தன. ரூபாயின் மாற்று விகிதத்தை 1927-இல் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என உயர்வாக நிறுத்தி, அதைக் காக்கும்பொருட்டு நாட்டில் பணப் புழக்கத்தைச் சுருக்கிய அரசின் கொள்கை இவ்வீழ்ச்சியை மேலும் கொடிதாக்கிற்று. விலைகள் இறங்கின, ஆனால் எழுதப்பட்ட எண்கள் இறங்கவில்லை. கிஸ்தி அதேதான். முதல் அதேதான். வட்டியும் அதேதான்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மூட்டை பத்து ரூபாய் விற்ற காலத்தில் நூறு ரூபாய் கடன் பெற்றவன், பத்து மூட்டைக்குரிய கடனைப் பெற்றான். மூட்டை ஐந்து ரூபாயாகும்போது, வட்டியை விட்டுவிட்டாலும் அவன் திருப்பித் தர வேண்டியது இருபது மூட்டை. அவன் பெற்றது பத்து, தருவது இருபது. எவரும் அவனை ஏமாற்றவில்லை; எவரும் பத்திரத்தைத் திருத்தவும் இல்லை. பணத்தின் மதிப்பே அவனுக்கெதிராகத் திரும்பிற்று. மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை ஏறத்தாழ 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதனை 200 கோடி என்றது. எண்ணளவில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. விலை பாதியாய் வீழ்ந்திருந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டால், விளைச்சலால் அளக்கப்படும் சுமை இரண்டரை மடங்கிற்கும் மேலாகப் பெருகிவிட்டது என்பது தெளிவாகும்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபின் தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. அதன்பின் கிராமங்களிலிருந்து தங்கம் வெளியேறத் தொடங்கிப் பம்பாய்த் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. பொருளாதார அறிஞர்கள் இதனை நெருக்கடித் தங்கம் என்பர். ஏறிய விலையில் ஆதாயம் கருதி விற்றோரும் உண்டு. ஆயினும் பெருமளவு, வட்டிக்கும் கிஸ்திக்கும் ஈடுகொடுக்கப் பெண்களின் காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் இறங்கியதேயாகும்.

இதே வீழ்ச்சி வேறு சிலருக்கு ஆதாயமாயிற்று என்பதைப் பிரசங்கிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியம் பெறுவோர், கையில் ரொக்கத்தைச் சேமித்து வைத்திருந்தோர் ஆகியோருக்கு அதே ரூபாய் இருமடங்கு அரிசியை வாங்கித் தந்தது. வேலூரிலும் சேலத்திலும் மிஷன் பள்ளி ஆசிரியராயிருந்த கிறிஸ்தவரும், விலையளவில் நோக்கினால், இவ்வகையினரே. உழவனின் இழப்பும் சேமிப்போனின் ஆதாயமும் ஒரே நாணயத்தில் எழுதப்பட்டிருந்தன. இவ்விருவருக்கும் இடையே நின்றது வங்கி.

ஒப்படைத்ததும் கடன் கொடுத்ததும்

இப்பகுதியில் வங்கித் தொழில் புதியதன்று. காவிரிக்கு அக்கரையில் கரூரில் 1916-இல் வைசியா வங்கியும் 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தோன்றின. சேலத்தில் 1925-இல் சேலம் வங்கி தோன்றியது. அது 1960-களில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. இவற்றோடு கூட்டுறவு நாணயச் சங்கங்களும், நிதிகளும், சீட்டுகளும் இருந்தன. வணிகர் தமக்குள்ளே பணம் திரட்டித் தமக்குள்ளே கடன் கொடுத்து வளர்த்த சிறு நிறுவனங்கள் இவை. இயக்குநர்களை ஊரார் முகமறிந்திருந்தனர். அம்முகங்களே பிணை.

ஆனால் வங்கியில் பணம் போடுவது என்பது சட்டத்தின் பார்வையில் யாது? பொதுமக்கள் அதனைப் பாதுகாப்பிற்காகக் கொடுத்துவைப்பது என எண்ணுகின்றனர். 1848-இல் ஃபோலி எதிர் ஹில் என்னும் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு வேறுவிதமாகச் சொல்கிறது. வங்கியில் போட்ட பணம் வங்கியின் பணமாகிவிடுகிறது. போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். இந்திய நீதிமன்றங்களும் இதையே பின்பற்றி வந்துள்ளன. வங்கி நலமாயிருக்கும்வரை இவ்வேறுபாடு எவருக்கும் புலப்படாது. முறிந்த நாளில் அதுவே எல்லாமாகிறது. பாதுகாப்பிற்குக் கொடுத்த நகையை உரியவர் அடையாளம் காட்டித் திரும்பப் பெறலாம். கடனாகக் கொடுத்த பணத்திற்கு அவர் மற்றக் கடன்காரரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

விவிலியம் இவ்வேறுபாட்டை நன்கறியும். யாத்திராகமம் 22-இல் அயலானிடம் காக்கும்படி வைத்த பொருளைப் பற்றிய சட்டமும், ஏழைக்குக் கொடுத்த கடனைப் பற்றிய சட்டமும் தனித்தனியே உள்ளன. லேவியராகமம் 6-இன்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளை மறுத்தவன் அதனை ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்துக் குற்றநிவாரண பலியும் செலுத்த வேண்டும். அப்பொருளை மறுப்பது ஆண்டவருக்கே செய்த துரோகமாக எண்ணப்படுகிறது. தீமோத்தேயு நிருபங்களில் வரும் ‘பராத்தேக்கே’ என்னும் கிரேக்கச் சொல் இத்தகைய ஒப்படைப்பையே குறிக்கும். அது வைத்தவனுடைய பொருளாகவே நீடிக்கும். பெற்றவன் அதைத் தன் தொழிலில் போடலாகாது. மத்தேயு 25-இல் தாலந்துகளின் உவமையில் வருவதோ வேறு. அங்கே நம் தமிழ் வேதாகமம் ‘காசுக்காரர்’ எனப் பெயர்த்திருக்கும் சொல் ‘திரபெசா’, அதாவது மேசை, என்பதிலிருந்து பிறந்தது. மேசையில் வைத்த பணம் சுழலும்; வட்டியோடு திரும்பும்; திரும்பாமலும் போகலாம். (எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் கவிழ்த்ததும் அத்தகைய மேசைகளையே என்பதை மாணவர் குறித்துக்கொள்ளலாம்.) தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றான மக்கபேயர் இரண்டாம் நூலின் 3-ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயக் கருவூலத்தில் விதவைகளும் அநாதைகளும் ஒப்படைத்த பணம் இருந்தது என்றும், அரசன் அதைக் கைப்பற்ற ஆள் அனுப்பினான் என்றும் காண்கிறோம். ஏழைகள் பணத்தை வைக்கத் தேடிய இடம் ஆலயமாயிருந்தது. அதை அங்கே வைத்தோர் ‘பராத்தேக்கே’ என்னும் எண்ணத்தோடு வைத்தனர்.

வங்கியில் பணம் போடுவோர் இந்த எண்ணத்தோடு போடுகின்றனர். பெறுவோர் மேசையின் முறைப்படி அதைப் பெறுகின்றனர். இவ்விடைவெளியில்தான் முறிவு நிகழ்கிறது.

1938 ஜூன்

தமிழகத்திற்கு இத்தகைய முறிவு புதிதன்று. 1906 அக்டோபரில் சென்னையின் பெரும் ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. அதன் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியின் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது, இந்தியரே நடத்திய ஒரு வங்கி.

திருவல்லாவில் 1912-இல் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை நிறுவிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும், சி. பி. மாத்தன் நடத்திய குயிலோன் வங்கியும் 1937-இல் இணைந்து, தென்னிந்தியாவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றாக எழுந்தன. தலைவர்கள் சுரியானிக் கிறிஸ்தவர்கள். கிளைகள் திருவிதாங்கூருக்கு வெளியேயும் பரந்திருந்தன. மத்திய அலுவலகம் சென்னையில் இருந்தது. இணைந்து ஓராண்டு நிறைவதற்குள், பணம் போட்டோர் திரும்பப் பெறத் திரண்டனர். வங்கி என்பது குறுகிய தவணையில் பெற்று நீண்ட தவணையில் கொடுக்கும் தொழிலாதலால், எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியும் தள்ளாடும். 1936-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம் வங்கிகள் வைத்திருக்கும்படி விதித்த ரொக்க இருப்பு, கேட்டவுடன் கொடுக்கவேண்டிய தொகையில் நூற்றுக்கு ஐந்தும், தவணை வைப்பில் நூற்றுக்கு ஒன்றரையுமே. 1935-இல் தோன்றிய ரிசர்வ் வங்கி அப்போது மூன்று வயதுக் குழந்தை. அது இவ்வங்கியைக் காப்பாற்றவில்லை. கதவடைப்பின் அதிர்ச்சி தென்னிந்தியாவின் பிற வங்கிகளையும் தாக்கியது. அதே ஆண்டில் வங்கியைக் கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டு, அதன் உடைமைகளைக் கலைப்பு அதிகாரிகளிடம் ஒப்படைத்தது.

வீழ்ச்சியின் காரணம் பற்றி இருவேறு கூற்றுகள் இன்றளவும் நிலவுகின்றன. மாம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியர். 1932-இல் தொடங்கிய நிவர்த்தனப் போராட்டத்தில், ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அரசில் பங்கு கேட்டபோது, அவ்விதழ் அவர்கள் பக்கம் நின்றது. திவான் சர் சி. பி. இராமசாமி அய்யரின் அரசு 1938 செப்டம்பரில் அதன் அச்சகத்தை முத்திரையிட்டது. இதழ் மீண்டும் வெளிவந்தது 1947-இல். அக்டோபரில் வங்கியின் தலைவர்கள் சென்னையில் கைதாகித் திருவனந்தபுரம் கொண்டுசெல்லப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். ஆகவே, அரசியல் பகையே வங்கியைக் கொன்றது என்பர் ஒரு சாரார். கடன் கொடுத்ததிலும் கணக்கு வைத்ததிலும் இருந்த குறைகளே காரணம் என்பர் மறுசாரார். நம் கருத்தில், பகை இருந்தது என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், பகைவன் தட்டினால் விழும் நிலையில் பிறர் பணத்தை வைத்திருந்த பொறுப்பையும் மறுக்க இயலாது. ஒன்று மற்றொன்றைத் தீர்த்துவிடாது.

ஆயினும் நம்மை உறுத்துவது வேறொன்று. இக்கதையில் திவானுக்குப் பெயருண்டு. வங்கித் தலைவர்களுக்குப் பெயருண்டு. அக்குடும்பத்தின் இளையவர் ஒருவர் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதும், அது எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்ததும் யாவரும் அறிந்த செய்தி. பணம் போட்டோருக்குப் பெயரில்லை. அவர்களுடைய கதையை எந்தச் சபையின் மலரிலும் நாம் வாசித்ததில்லை. துன்புறுத்தலின் கதையாக இதனைச் சொல்லும்போது, திருச்சபை தன்னை அறியாமலே வங்கித் தலைவரின் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறது.

கலைப்பு அதிகாரியின் வரிசை

நம் ஊர்ப்புறத்தில் ஒருவன் நொடித்துப்போனால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்பர், ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்றும் சொல்வர். அதன்பின் நடப்பது என்னவென்று பலரும் அறியார். நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர், அல்லது கம்பெனியாயின் கலைப்பு அதிகாரி, இருப்பவற்றைக் கைக்கொண்டு, வரவேண்டியவற்றை வசூலித்து, கொடுக்கவேண்டியவர்களுக்கு ஒரு முறைப்படி பங்கிடுவார். அம்முறை இரக்கத்தின் முறையன்று. 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர் தம் ஈட்டை எடுத்துக்கொள்வார். கலைப்புச் செலவு கழியும். அரசின் வரிப் பாக்கியும், ஊழியரின் குறிப்பிட்ட அளவு சம்பளமும் முன்னுரிமை பெறும். எஞ்சியதிலிருந்து, ஈடில்லாத கடன்காரர் யாவருக்கும் விகிதப்படி பங்கு. பணம் போட்டோர் நிற்பது இவ்வரிசையில்தான். பங்குதாரர் கடைசி, அவர்கள் பங்குத் தொகையை முழுதும் செலுத்தாதிருந்தால், எஞ்சியதையும் அவர்களிடமிருந்து கேட்டுப் பெறுவர்.

இவ்வரிசையில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. வங்கியில் வைப்பும், வங்கியிடம் கடனும் ஒருங்கே உடையவர் ஒன்றை மற்றொன்றால் கழித்துக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் வைப்பும் ஆயிரம் ரூபாய் கடனும் உடைய வணிகருக்கு இழப்பே இல்லை. ஆயிரம் ரூபாய் வைப்பு மட்டும் உடையவர், தமக்கு விழும் பங்கை நோக்கிக் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கும் தகுதி உடையவர் யார் என எண்ணிப் பார்த்தால், இவ்விதி யாருக்கு உதவுகிறது என்பது விளங்கும்.

மறுபுறத்தில், வங்கியிடம் கடன்பட்டோரையும் முறிவு விடுவதில்லை. வங்கி நடந்துகொண்டிருந்தால், கேட்டவுடன் திருப்பவேண்டிய கடனும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். மேலாளர் முகம் பார்ப்பார். விளைச்சல் வரும்வரை பொறுப்பார். கலைப்பு அதிகாரி பொறுப்பதற்காக நியமிக்கப்பட்டவர் அல்லர். அவர் வசூலிக்காமல் விடும் ஒவ்வொரு ரூபாயும் பணம் போட்ட ஒருவரின் ரூபாய். விலை வீழ்ந்திருக்கும் காலத்தில் அடமானச் சொத்தை விற்பது மலிவாய் விற்பதே. ஆயினும் அவர் விற்றாக வேண்டும். ஒரு விதவைக்கு நாலணா கூடுதலாகக் கிடைக்கும்பொருட்டு ஒரு குடியானவனின் நிலம் ஏலத்திற்கு வருகிறது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவருள் எவரும் பாவி அல்லர்.

ஏழாம் ஆண்டும் பிராஸ்போலும்

இப்பொழுது மார்ச் மாதச் சட்டத்திற்குத் திரும்புவோம். அதன் விதிகள் உபாகமத்தைப் படித்தவர் செவிக்குப் பழகிய ஒலியாய்ப் படும். 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி பட்ட கடனில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுதும் நீங்கியது. முதலை மட்டும் செலுத்தினால் போதும். முதலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால், கடனே நீங்கியது. அந்நாளுக்குப் பின் பட்ட கடனுக்கு நூற்றுக்கு ஐந்து தனிவட்டி. சட்டத்திற்குப் பின் வாங்கும் கடனுக்கு வட்டி நூற்றுக்கு ஆறேகாலுக்கு மேற்படலாகாது. சேலம் சமவெளியில் இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. தந்தை பட்ட கடனுக்கு மகன் வட்டி கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் அது யூபிலி ஆண்டின் எக்காளமாய் ஒலித்திருக்கும்.

ஆனால் சட்டம் சில கடன்களைத் தொடவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நிலவள வங்கிகளுக்கும் உரிய கடன்கள் அவற்றுள் அடங்கும். இன்னுமொரு விலக்கு நம் கவனத்திற்குரியது. 1937 அக்டோபர் 1-ஆம் நாளில் வேறு சொத்து ஏதுமில்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், முதல் மூவாயிரம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், குறைக்கப்படமாட்டாது. கடன் கொடுத்தவர் எல்லாரும் செல்வர் அல்லர் என்பதைச் சட்டம் எழுதியோர் அறிந்திருந்தனர். கணவனை இழந்து, கிடைத்த சிறு தொகையை ஊரில் வட்டிக்கு விட்டுச் சீவனம் செய்த பெண் அவர்களுடைய கண்ணுக்குத் தெரிந்தாள். உபாகமத்தின் விடுதலைச் சட்டத்தில் இவ்விலக்கு இல்லை. அதே நூல் விதவையைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசுகிறது. ஆயினும் விதவை கடன் கொடுத்தவளாயிருந்தால் ஏழாம் ஆண்டில் அவள் கதி என்ன என்று அது கேட்கவில்லை.

பிற்கால யூதமதம் கேட்க நேர்ந்தது. விடுதலை ஆண்டு நெருங்கும்போது கொடாமல் கையை மூடாதே என உபாகமம் 15:9 எச்சரித்தும், மக்கள் கையை மூடினர். ஏழைக்குக் கடன் கிடைக்கவில்லை. அதற்குப் பரிகாரமாக ஹில்லேல் ‘பிராஸ்போல்’ என்னும் முறையை ஏற்படுத்தினார் என மிஷ்னா கூறும். கடன் கொடுத்தவர் தம் கடன் உரிமையை நீதிபதிகள் முன் ஒப்படைத்து எழுதிக் கொடுத்தால், அது நீதிமன்றத்தின் வசூலாகி, ஏழாம் ஆண்டின் விடுதலை அதனைத் தொடாது. ஏழைக்குக் கடன் கிடைக்கவேண்டும் என்னும் இரக்கத்தினால் பிறந்த இம்முறை, ஏழையின் விடுதலையை வெறும் எழுத்தாக்கிற்று. கி.பி. 66-இல் எருசலேமில் கலகம் எழுந்தபோது, கலகக்காரர் ஆவணக் காப்பகத்தை எரித்து அடமானப் பத்திரங்களை அழித்தனர் என யோசேப்பு எழுதுகிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சென்னை மாகாணத்திலும் 1938-க்குப் பின் கிராமத்தில் கடன் கொடுப்போர் தயங்கினர், கடன் சுருங்கிற்று. புதிய கடன் வேண்டுவோர் பழைய கடன் நீங்கியவர்களே.

நெகேமியா 5-ஆம் அதிகாரம் இங்கு வேறொரு வழியைக் காட்டுகிறது என எண்ணுகின்றோம். அங்கே விடுதலையை அறிவிப்பவன், தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தவர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறான். கடன் கொடுத்தவர்களைச் சபையாகக் கூட்டி, கடன்பட்டோரின் கூக்குரலை அவர்கள் செவியில் கேட்கச் செய்கிறான். பேரேட்டின் இருபக்கத்தாரும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். வங்கியும் கலைப்பு அதிகாரியும் இயல்பாகவே தடுப்பது இந்தச் சந்திப்பைத்தான். தன் வைப்புப் பணம் எவருடைய கிணறாக இருக்கிறது என்று பணம் போட்டவர் அறியார். தன் கடன் எவருடைய முதுமைக்கால உணவு என்று கடன்பட்டவரும் அறியார். ஞாயிறுதோறும் அவ்விருவரும் ஒரே பந்தியில் அப்பத்தைப் பெறக்கூடும் என்பது ஆயருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கலாம்.

பிற்காலம்

1938-இன் அதிர்ச்சி வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்னும் முயற்சியை எழுப்பியது. அது 1949-இல் நிறைவேறியது. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதுவும் கேரளக் கிறிஸ்தவர் நிறுவியதே. அதன்பின் 1962 முதல் வைப்புக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் ஐந்து இலட்சம். ஆகவே, பதிவு பெற்ற வங்கியில் சிறு தொகை வைத்திருப்பவர் 1938-இன் நிலையில் இன்று இல்லை. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் போட்டவருக்கு இக்காப்பு இல்லை. அத்தகைய நிறுவனங்கள் பல முறிந்தபின் தமிழக அரசு 1997-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை முறிந்தபோது கொங்கு நாட்டவர் பலர் அச்சட்டத்தின் வாசலில் நிற்க நேர்ந்தது.

சபைக் கணக்குகளைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லவேண்டும். காப்பீட்டின் ஐந்து இலட்சம் என்பது கணக்கிற்கு அன்று. ஒரு வங்கியில் ஓர் உரிமையாளருக்கு. ஒரே சட்டப் பெயரில் ஒரே வங்கியின் பல கிளைகளில் இருப்பவை யாவும் ஒன்றாகக் கூட்டப்படும். கைப்பிடி அரிசியும், அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும், பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரின் சேமிப்பும், ஆலயக் கட்டட நிதியும் ஒரே பெயரில் ஒரே வங்கியில் இருந்தால், அவை சட்டத்தின் முன் ஒரே கடன்காரர். கொடுத்தவர்களோ அவற்றைப் ‘பராத்தேக்கே’ என்றே கொடுத்தனர். மேசையில் வைக்கும் உரிமையைச் சபைப் பொருளாளருக்கு யார் கொடுத்தார் என்பதும், வைக்கும் முன் அவர் யாரைக் கேட்டார் என்பதும் சபைக் கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்களே.

நாமக்கல் சமவெளிக்கு அண்மையில் நேர்ந்த முறிவு, கரூரில் தோன்றிய அதே லட்சுமி விலாஸ் வங்கியினுடையது. 2020 நவம்பர் 17-ஆம் நாள் அரசு அதன்மீது தடைக்காலம் விதித்தது. பணம் போட்டோர் எவரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. நவம்பர் 27-ஆம் நாள் அவ்வங்கி டி.பி.எஸ். இந்தியா வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புப் பணம் முழுதும் காக்கப்பட்டது. பங்குதாரரின் முதல் முழுதும் நீக்கி எழுதப்பட்டது. இடைப்பட்ட அப்பத்து நாள்களுக்கென அரசு பிறப்பித்த ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. மருத்துவச் செலவுக்கும், உயர் கல்விக்கும், திருமணம் முதலிய சடங்குகளுக்கும், தவிர்க்க இயலாத நெருக்கடிக்கும் பணம் வேண்டுவோர், அத்தேவையைக் காட்டினால், ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு வரம்பிற்கு மேலும் பெறலாம் என்று அது கூறியது.